கடைசி வரிசையைப் பெரிதாக்காதீர்கள்

1

இந்தக் கதை கேமராவைப் பற்றிய ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது. தொழில்முறைப் படக்காரர்கள் வைத்திருக்கும் ஃபுல் ஃபிரேம் டிஜிட்டல் கேமராவின் நிறை குறைகளை எழுதித் தரும்படி ஓர் இதழில் கேட்டிருந்தார்கள். கேமராவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், சிரிக்கச் சொன்னால் சிரிப்பது. ஆகவே கோவில்பட்டியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ரெஜினைத் தேடிப் போனேன்.

நிறைகளைக் கடை திறந்திருக்கும்போதே சொன்னார். குறைகள் என்றதும் எழுந்துபோய் கடைக்கதவை இழுத்து மூடிவிட்டு வந்தார். கட்டுரை அத்தோடு செத்தது.

2

முதல் வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"ரெஜினின் கழுத்தில் எந்நேரமும் இரண்டு கிலோ தொங்கியது." உண்மைதான். ஆனால் இது கழுத்துவலிக் கதையல்ல.

"கரிசல் காற்றில் லென்சை மாற்றினால் தூசி உள்ளே புகுந்து, மணமகள் நெற்றியில் மரு முளைக்கும்." இதுவும் குறைதான். இதற்காக யாரும் கதவை மூடமாட்டார்கள்.

"அவள் பெயர் ஜெயப்..." வேண்டாம். அவளுக்கு இந்தக் கதையில் பெயர் கிடையாது. (நல்ல பெயர்தான். இருந்தாலும் வேண்டாம்.)

3

புதுக் கேமரா வாங்கிய நாளிலிருந்து ரெஜினுக்கு ஒரு பழக்கம். கல்யாண ஆர்டர் கொடுக்க வருகிறவர்களை உட்கார வைத்து, ஏதாவது ஒரு கூட்டப் படத்தைத் திரையில் போடுவார். அதில் கடைசி வரிசை ஆளைக் காட்டச் சொல்லிப் பெரிதாக்குவார். கடுகளவு தலை, மூக்குத்திக் கல்லோடு முகமாகும். வந்தவர் வாயைப் பிளப்பார். பேச்சு அத்தோடு முடிந்து தேதி குறிப்பார்கள்.

சுந்தரபாண்டியன் வந்ததும் அப்படி ஒரு மத்தியானத்தில்தான். மோட்டார் பம்புக் கடை வைத்திருப்பவர். தன் கல்யாணத்துக்கே படம் எடுக்கக் கேட்டு வந்தார். ரெஜினைவிடப் பத்து வயது இளையவர்.

"பழைய கேமராவுக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம் இருக்கப் போவுது அண்ணாச்சி?"

"இங்கன வாங்க தம்பி, காட்டுதேன்."

அன்று கைக்கு அகப்பட்டது வெளியூர் அம்மன் கோவில் கொடை விழா ஒன்றின் படம். முன்னால் சப்பரம். பின்னால் வளையல் கடை, பலகாரக் கடை, நூறு தலைகள். வழக்கம்போல் கடைசி வரிசைக்குப் போய், இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒரு பெண்ணை இழுத்து முன்னால் நிறுத்தினார்.

சுந்தரபாண்டியன் வாயைப் பிளக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் பெருசாக்குங்க."

ஆக்கினார்.

"கொஞ்சம் சதை போட்டிருக்கா," என்றார் அவர், மெதுவாக. "இது எந்த ஊரு?"

திரை அணைந்தது. பக்கத்து மேசையில் ஆல்பம் செய்துகொண்டிருந்த ரெஜினின் மனைவி ஆஸ்லின், காலால் சுவிட்சைத் தட்டிவிட்டிருந்தாள்.

"கரெண்டு போயிட்டு," என்றாள்.

சுந்தரபாண்டியன் தலையைத் தூக்கிப் பார்த்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அதையே சற்றுநேரம் பார்த்துவிட்டு எழுந்தார்.

"நாளைக்கு வாரேன். படத்தை எடுத்து வைங்க."

4

(இங்கே நான் விளக்கியாக வேண்டும். மூன்று வருடம் முன்பு சுந்தரபாண்டியனின் தங்கை, வீட்டார் ஒப்பாத வேறு சாதிப் பையனோடு போய்விட்டாள். கிடைத்தால் இரண்டு பேரையும் என்ன செய்வோம் என்று அந்த வீட்டார் பஸ் ஸ்டாண்டில் நின்றே சொன்னார்கள். கதை ஊருக்கே தெரியும், ரெஜினுக்கும் தெரியும். முகம்தான் தெரியாது. ஆஸ்லினுக்குத் தெரியும், அந்தப் பெண்ணின் காலேஜ் பாஸ்போர்ட் படத்துக்கு நீலப் பின்னணி போட்டுக் கொடுத்தவள் அவள்.)

"நான் சப்பரத்தைத்தான் குறி வச்சேன் சார்," என்றார் ரெஜின் என்னிடம். "இந்தக் கேமரா கூட்டத்துல எங்க கண்ணு இருந்தாலும் தானா தேடிப் பிடிச்சுக்கிடும். அதான் இதோட பெரிய நிறைன்னு கம்பெனிக்காரன் சொல்லுதான். அம்மனை விட்டுட்டு அது அவ கண்ணைப் பிடிச்சிட்டு."

சொல்லும்போது லென்ஸ் மூடி அவர் விரலிலிருந்து இரண்டு தடவை நழுவியது. நடுங்கும் கையோடு எடுத்தாலும் படம் ஆடாது என்பது இன்னொரு நிறை.

5

அன்று சாயங்காலம் முழுக்க அவரும் ஆஸ்லினும் அந்தப் படத்தோடு மல்லுக்கு நின்றார்கள். அழித்தால் சந்தேகம் வரும். "அழிஞ்ச படத்தையும் மீட்டுத் தருவேன்" என்று ஊர் முழுக்கப் பெருமை பேசியவரும் அவரேதான். கடைசியில் கடைசி வரிசையை மட்டும் மங்கலாக்கினார்கள். அவளுக்குப் பின்னால் தெரிந்த பலகையில் ஊர்ப்பெயர் இருந்தது. அதை இரண்டு தடவை மங்கலாக்கினார்கள்.

மறுநாள் காலையில் சுந்தரபாண்டியன் வந்து பார்த்தார்.

"நேத்து தெளிவா இருந்துச்சே அண்ணாச்சி."

ரெஜின் துணியை எடுத்துத் திரையைத் துடைத்தார். வந்தவர் கோபப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு ஜோடிக் கொலுசை எடுத்து மேசையில் வைத்தார். சின்னப் பிள்ளைக் கொலுசு. பழசு, கறுத்துப்போனது, ஒன்றில் ஒரு மணி இல்லை.

"அவ சின்னதுல போட்டது. மருமவளுக்குக் கொடுக்கணும். ஊரை மட்டும் சொல்லுங்க."

"பொம்பளப் பிள்ளைன்னு எப்படி..."

"காதுல கம்மல் தெரிஞ்சிச்சுல்லா."

இந்த இடத்தில் எனக்குச் சுந்தரபாண்டியன்மேல் சந்தேகம் வருகிறது. சந்தேகப்பட்டதற்காக வெட்கமும் வருகிறது. பிள்ளையைப் பார்த்ததும் கரைந்த அண்ணன்கள் உண்டு. கரைந்ததுபோல் நடித்து வீட்டு வாசல்வரை போன அண்ணன்களும் உண்டு. எதிரில் இருப்பவன் மாமனாக வந்திருக்கிறானா, வேறு காரியமாக வந்திருக்கிறானா என்று எந்த லென்சிலும் தெரியாது. கதவை மூடிவிட்டு ரெஜின் சொன்ன குறை இது ஒன்றுதான்.

6

முடிவுகள்:

அ) ரெஜின் ஊரைச் சொல்கிறார். மாமன் கொலுசு மாட்டிவிடுகிறான். எல்லாரும் அழுகிறார்கள்.

ஆ) ரெஜின் ஊரைச் சொல்கிறார். மூன்றாம் நாள் செய்தித்தாளில் (இதை எழுதமாட்டேன்)

இ) ரெஜின் பொய்யாக ஓர் ஊரைச் சொல்கிறார். அந்தப் பொய் எத்தனை நாள்

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். அவர் கதவைத் திறந்துவிட்டார்.

"நீங்க கட்டுரையை எழுதுங்க சார்."

நான் ஒரு முட்டாள்தனம் செய்திருந்தேன். பேச்சுவாக்கில் அவரிடம் ஊர்ப்பெயரைக் கேட்டு வாங்கிக் குறித்து வைத்திருந்தேன். கதைக்குத் தேவைப்படும் என்று நினைத்தேன்.

7

நேற்று, ஐந்தாம் பகுதியை எழுதிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"ரெஜின் அண்ணாச்சி கடைக்கு வந்துட்டுப் போனீகளாமே? கதை எழுதுதீகளாம்." குரல் மரியாதையாகத்தான் இருந்தது. "என் கல்யாணத்துக்கு அவ வரணும் சார். ஊரை மட்டும் சொல்லுங்க."

அப்படியானால் ரெஜின் சொல்லவில்லை. நான் போனை வைத்துவிட்டு, குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தின்னாத குறையாகப் பொடிப்பொடியாக்கினேன். மனத்தில் இருப்பதைக் கிழிக்க முடியவில்லை. இந்தக் கதையில் கடை இருக்கும் ஊர், அண்ணனின் தொழில், பெயர்கள் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். எதையோ ஒன்றை மாற்ற மறந்திருப்பேன் என்று பயமாக இருக்கிறது.

இதுவரை வாசித்ததில் அது எந்த ஊராக இருக்கும் என்று நீங்களும் ஒருமுறையாவது தேடியிருப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த போன் உங்களுக்கு வரலாம். அவர் கொலுசைப் பற்றிச் சொல்வார். ஒரு மணி இல்லாததையும் சொல்வார். உங்களுக்கு ஊர் தெரியாது, தப்பித்தீர்கள். தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

போன் மறுபடியும் அடிக்கிறது.