நாற்பத்தொன்றாம் நாற்காலி

மாரிச்சாமியை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். மேனேஜர் பெனிஸ், டிக்கெட் கிழிக்கிற பெண்கள், ஜீப் டிரைவர்கள், எல்லோருக்கும் அவர் மாரிண்ணன். ஈவ்லின் மட்டும் பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. "ஏனுங்க" என்பாள். அதோடு சரி. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் கவனித்தாரா என்று தெரிந்துகொள்ள மட்டும் அவளுக்கு ஆசை உண்டு.

சோலூருக்கு அப்பால் ஒரு தனியார் பூங்கா. அங்கிருந்து வெள்ளிமுடி உச்சிக்கு ஏறும் லிஃப்டில் இருவருக்கும் வேலை. கீழ் ஸ்டேஷனில் ஈவ்லின் ஆபரேட்டர், மேல் ஸ்டேஷனில் மாரிச்சாமி. கம்பி வடத்தில் தொங்கும் அறுபத்து நான்கு நாற்காலிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் உட்காரலாம். ஐரோப்பாவில் ஏதோ பனிச்சறுக்கு ஊரில் இருபது வருஷம் ஓடி, அங்கே புது லிஃப்ட் வந்ததும் கழற்றி விற்றதை முதலாளி வாங்கி வந்து இங்கே நட்டிருந்தார். நாற்காலிகளின் அடியில் பனிச்சறுக்குக் கட்டைகளை வைத்துக்கொள்ளும் கம்பி இன்னமும் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர்கள் அதில் செருப்புக் காலை வைத்துக்கொண்டு போட்டோ எடுப்பார்கள்.

லிஃப்ட் ஓடும்போது இரண்டு ஆபரேட்டர்களும் தங்கள் இடத்தை விட்டு நகரக்கூடாது. மாரிச்சாமிக்குத் தங்கும் அறையும் மேலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. அன்று விடிந்ததும் இறங்கி, தேவாலாவில் கட்டிக்கொடுத்திருந்த மகள் மகாலட்சுமியைப் பார்க்கப் போய்விடுவார். மனைவி இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஈவ்லினுக்குக் கல்யாணம் ஆகவில்லை. படுக்கையில் விழுந்த அப்பாவைப் பன்னிரண்டு வருஷம் பார்த்துக்கொண்டாள்; அவர் கண்மூடியபோது அவளுக்கு நாற்பது. அதற்கு மேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆக, அவர்களுக்குள் இருந்ததெல்லாம் ஒரு டெலிபோன்தான். இரண்டு ஸ்டேஷன்களுக்கும் இடையில் கம்பியில் ஓடும் பழைய கறுப்பு டெலிபோன். உச்சியில் செல்போன் சிக்னல் கிடையாது. காலை எட்டரைக்கு அவள் கைப்பிடியைச் சுற்றுவாள். காற்று எப்படி, பிரேக் எப்படி, தூண்களில் ஏதாவது சத்தம் உண்டா என்று வரிசையாகக் கேட்டு நோட்டில் டிக் போடுவாள். அது முடிந்த பிறகு ஒரு நிமிஷம், சில நாள் இரண்டு நிமிஷம், வேறு பேச்சு.

"இங்க மூடு பனிங்க அம்மணி. என் கையே எனக்குத் தெரியல."

"இங்க வெயில் அடிக்குதுங்க."

"அப்ப கொஞ்சம் மேல அனுப்பி வையுங்க."

இவ்வளவுதான். அன்று முழுவதும் அவளுக்கு அது போதும். சாயங்காலம் லிஃப்ட் நின்ற பிறகு, எண்ணூறு மீட்டருக்கு அப்பால் உச்சியில் அவருடைய சிவப்பு ஸ்வெட்டர் ஒரு புள்ளியாக நடந்து போய் அறைக்கதவைத் திறப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருக்கும்போது, 'மேல அனுப்பி வையுங்க' என்று காதுக்குள் கேட்கும். தலையைக் குனிந்துகொள்வாள்.

லிஃப்டுக்கு வயதாகிவிட்டது எல்லோருக்கும் தெரியும். செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள், பாகங்கள் கிடைக்காது. மாதம் ஒருமுறை கோயம்புத்தூர் மெக்கானிக் வந்து, இருப்பதைத் தட்டி நிமிர்த்திவிட்டுப் போவார். "ஒருக்கா பெருசா ரிப்பேர்னு நின்னா அவ்வளவுதான் அக்கா. இன்ஸ்பெக்டர் மறுபடி சர்டிபிகேட் தரமாட்டார்" என்று பெனிஸ் வெளிப்படையாகவே சொல்லியிருந்தான். அதனால் சின்னச் சத்தம் கேட்டாலும் ஈவ்லினுக்கு இரண்டு பயம் வரும். ஒன்று எல்லோருக்கும் வருகிற பயம். இன்னொன்றை யாரிடமும் சொல்ல முடியாது.

மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை. காலை பத்து மணிக்கே வரிசை வாசல் வரை வளைந்து நின்றது. நாற்காலிகள் பதிமூன்று விநாடிக்கு ஒன்றாக வந்து திரும்பும். ஈவ்லின் கடிகாரம் பார்ப்பதில்லை; பதினோரு வருஷத்தில் அந்தத் தாளம் உடம்பில் ஏறிவிட்டது. அன்று நாற்பது போன பிறகு ஏதோ தட்டியது. நாற்பத்தொன்று கொஞ்சம் தாமதமாக வந்தது. நாற்பத்திரண்டு அதன் முதுகிலேயே வந்தது போல் இருந்தது. அடுத்த சுற்றுக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினான்கு. பிறகு பன்னிரண்டு.

ஒரு விநாடிதான். ஆனால் ஒரு விநாடி என்றால் இரண்டு மீட்டர். நாற்காலியை வடத்தோடு கவ்விப் பிடித்திருக்கும் இரும்புப் பிடி வழுக்கியிருக்கிறது.

மூன்றாவது சுற்றில் நாற்பத்தொன்று கீழே வந்ததும் நிறுத்து பொத்தானை அழுத்தினாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் அதிலிருந்து இறங்கினாள். ஈவ்லின் ஏணியில் ஏறிப் பார்த்தாள். பிடி நகர்ந்தால் தெரிவதற்காக ஒவ்வொரு பிடியை ஒட்டியும் வடத்தில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டிருக்கும். கோடு பிடியை ஒட்டி, சரியாக இருந்தது. நிம்மதியாக மூச்சு விடப் போனவள், மற்ற நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தாள். அவற்றின் கோடுகள் வெயிலிலும் மழையிலும் வெளுத்து, இருக்கிறதா இல்லையா என்று தேடவேண்டியிருந்தது. இது மட்டும் புது மஞ்சள்.

பெயின்ட் டப்பா மேல் ஸ்டேஷனில்தான் இருக்கிறது.

நின்று யோசிக்க நேரமில்லை. வடத்தில் அறுபது பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை இறக்கவேண்டுமென்றால் லிஃப்ட் ஓடியாகவேண்டும். அவள் டெலிபோனைச் சுற்றினாள்.

"இனி யாரையும் ஏத்தாதீங்க. மெதுவா ஓட்டி எல்லாத்தையும் இறக்கறேன். மேல இருக்கறவங்க ஜீப்ல வரட்டும்."

"என்னங்க அம்மணி, என்னாச்சு?"

"நாப்பத்தொண்ணு."

அதற்கு என்ன என்று அவர் கேட்கவில்லை. அதிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

குறைந்த வேகத்தில் லிஃப்ட் நகர்ந்தது. நாற்பது வரை ஆட்கள். நாற்பத்தொன்றும் அதற்குப் பின்னால் வந்தவையும் காலி. அவள் கண் அந்தக் காலி நாற்காலியை விட்டு அகலவில்லை. ஆறாவது தூண் வரை ஒழுங்காகப் போனது. ஏழாவது தூணுக்கு மேல்தான் செங்குத்து. அங்கே நாற்பத்தொன்று ஒருமுறை குலுங்கியது. பிறகு, யாரோ கையை விட்டதுபோல், ஒரு ஆள் நீளத்துக்குப் பின்னால் சறுக்கி வந்து, ஆடிக்கொண்டே நின்று, மறுபடி வடத்தோடு போயிற்று. வரிசையில் நின்றவர்கள் எதையும் பார்க்கவில்லை. அவர்கள் பெனிஸிடம் டிக்கெட்டைத் திருப்பி வாங்குவதில் மும்முரமாக இருந்தார்கள். அந்தக் கைக்குழந்தைக்காரி வாசலருகே சோளம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

கடைசி ஆளும் இறங்கிய பிறகு லிஃப்டை நிறுத்தி, பிரேக் போட்டு, சாவியை எடுத்தாள். அப்புறம்தான் மறுபடி டெலிபோனை எடுத்தாள்.

"பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க."

"எத்தனை நாளா தெரியும்?"

"பன்னண்டு நாளாச்சுங்க. மொதல்ல விரக்கட அளவுதான் நகந்துச்சு. மெக்கானிக் வர்ற வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன். தெனமும் பாத்துட்டே இருந்தனுங்க."

"பாத்துட்டு, நகர நகரக் கோட்டை அழிச்சு வேற கோடு போட்டீங்க."

"ஆமாங்க."

"ஏனுங்க?" அவள் குரல் உயரவில்லை. "உங்களுக்குத் தெரியாததா? எங்களுக்கெல்லாம் அந்தக் கோட்டைப் பத்திச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே?"

அவர் சொன்னார்: "இது நின்னா திரும்ப ஓடாதுங்க அம்மணி. பெனிஸ் தம்பி சொன்னது எனக்கும் தெரியும். நின்னு போச்சுன்னா, அப்புறம் காலைல எட்டரைக்கு நான் எங்க போய் உங்க குரலைக் கேக்கறது?"

பதினோரு வருஷமாக அவள் கேட்க ஏங்கிய சொல் அது. எத்தனையோ விதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தாள். கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்பியபோது சொல்வார் என்று நினைத்தாள். அப்பா இறந்த வாரம் சொல்வார் என்று நினைத்தாள். இப்படி வரும் என்று நினைக்கவில்லை. ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவும் முடியவில்லை, வைத்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

"இன்னைக்குக் காலைல ஒரு கைக்குழந்தை அதுல போயிட்டு வந்துச்சுங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

நோட்டில் எழுதினாள். நேரம், நாற்காலி எண், விநாடிக் கணக்கு, ஏழாவது தூணில் கண்டது எல்லாம். 'பிடியை ஒட்டி மஞ்சள் கோடு புதிதாகப் போடப்பட்டிருந்தது' என்றும் எழுதினாள். போட்டது யார் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. பெனிஸ் எட்டிப் பார்த்து, "அந்த வரி வேணுமா அக்கா?" என்றான். அவள் அந்த வரியை அடிக்கவில்லை, நோட்டையும் மூடவில்லை.

மாரிச்சாமி ஜீப்பில் வரவில்லை. சோலைக்குள் இறங்கும் ஒற்றையடிப் பாதையில் நடந்து, மத்தியானம் வந்து சேர்ந்தார். பேன்ட் முழுக்க சேறு. அவளைப் பார்க்காமல் நேராக மேஜைக்கு வந்து, எழுதியதைப் படித்தார். பேனாவை எடுத்து அதன் கீழே, 'கோடு போட்டது நான். தெரிந்தே செய்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார். அந்த ஸ்வெட்டர் முழங்கையில் தைத்திருப்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். இன்னும் ஆறு பிடிகளில் மயிரிழை விரிசல் இருந்ததாம். சர்டிபிகேட் போயிற்று. மழைக்காலத்துக்குப் பிறகு வெல்டிங்காரர்கள் தூண்களை அறுத்தார்கள். நாற்காலிகளைக் குன்னூரில் ஒரு ஹோட்டல்காரர் தோட்டத்தில் போட வாங்கிப் போனார். பெனிஸ் அவளை டிக்கெட் கவுன்டரில் உட்கார வைத்தான்.

புது லிஃப்ட் வர இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷமும் காலை எட்டரை மணி அவளைப் படுத்தியது. கை சும்மா இருக்காது. அவருடைய செல் நம்பர் ஆபீஸ் பட்டியலில் இருந்தது. அவளுக்கு அது மனப்பாடம். ஒன்பது எண்கள் வரை அழுத்தியிருக்கிறாள். பத்தாவதை அழுத்தும் முன், குலுங்கி நின்ற அந்தக் காலி நாற்காலி கண்ணுக்கு வரும். அவரை மன்னிக்க முடியவில்லை என்றால் மறந்துவிடவாவது முடியவேண்டும். இரண்டும் முடியவில்லை. தேவாலாப் பக்கம் மழை கொட்டுகிறது என்று யாராவது சொன்னால் போதும், அங்கே நனைகிறவர் யார் என்று மனம் ஓடிவிடும்.

புதியது கண்ணாடிக் கூண்டுகள் வைத்தது. பிடிகளைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஆனாலும் இரண்டு ஸ்டேஷனிலும் ஆள் வேண்டும். ஈவ்லின் பயிற்சி முடித்துத் திரும்பியதும் பெனிஸ் கேட்டான்.

"மேல் ஸ்டேஷனுக்கு மாரிண்ணன் பேரைப் போட்டுடலாமாக்கா? அந்த மலைக்காத்து அவரை மாதிரி யாருக்கும் தெரியாது. அது பழைய கதை. முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். ஆனா கூட வேலை செய்யறது நீங்க. நீங்க சரின்னா போதும்."

ஒருநாள் டைம் கேட்டாள். அன்று சமைக்கவில்லை. மறுபடி காலை எட்டரை. மறுபடி அந்தக் குரல். 'சரி' என்று ஒரு சொல் சொன்னால் போதும். மறுநாள் போய், "வேண்டாம், வேற ஆளைப் போடுங்க" என்றாள். இன்னொருத்தர் வாயால் இது அவருக்குத் தெரியவேண்டாம் என்று தோன்றியது. செவ்வாய்க்கிழமை ஊட்டி வந்து, கூடலூர் பஸ் பிடித்து, அங்கே மாறி, தேவாலாவில் இறங்கினாள். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. நிறுத்தத்துக் கடையில் கேட்டதும் ஆளனுப்பினார்கள்.

குடையை மடக்கிக்கொண்டே மாரிச்சாமி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மருமகனுடைய அரை ஏக்கர் தேயிலையைப் பார்த்துக்கொள்கிறாராம். பெஞ்சில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அவ்வளவு கிட்டத்தில் அவரை அவள் பார்த்ததே இல்லை. கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன மச்சம் இருந்தது.

"மேல் ஸ்டேஷனுக்கு உங்க பேரைக் கேட்டாங்க. நான் வேண்டாம்னுட்டேன்" என்றாள். "அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். "சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டேனுங்க. அந்தக் குழந்தையைப் பத்தி நீங்க சொன்னீங்கல்ல, அதுக்கப்புறம் ஒரு நாளும் அது மறக்கல."

டீ வந்தது. இருவரும் குடித்தார்கள். கூடலூர் பஸ் வருவதற்குக் கால் மணி நேரம் இருந்தது.

"லிஃப்டுல உங்கள நம்ப என்னால முடியாதுங்க" என்று ஈவ்லின் கடைசியில் சொன்னாள். டம்ளரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். "ஆனா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பத்தரைக்கெல்லாம் நான் ஊட்லதான் இருப்பேன்."

அவர் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"ஊடு எங்கன்னே எனக்குத் தெரியாதுங்களே அம்மணி."

அவள் சொன்னாள். சோலூரில் இறங்கி, பஞ்சாயத்து ஆபீஸ் தாண்டி, கேரட் கழுவுகிற இடத்துக்கு எதிர்ச்சந்தில் மூன்றாவது வீடு. பச்சைத் தகரக் கேட். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இன்னொருக்கா சொல்லுங்க" என்றார். இன்னொரு முறை, அவசரப்படாமல் சொன்னாள். பஸ் வந்துவிட்டது.

முதல் ஞாயிறு அவர் வரவில்லை. நடுவட்டத்தில் மண் சரிந்து பஸ்கள் நின்றுபோயின. அவள் சமைத்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு கோவிலிலிருந்து திரும்பும்போது சந்தின் முனையிலேயே பார்த்துவிட்டாள். பச்சைக் கேட்டுக்கு வெளியே, திறக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல், ஈரக்குடையோடு நின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கேட்டை விட்டு ஒரு அடி விலகி நின்றார். ஈவ்லின் நடையைக் கூட்டவில்லை. அவர் அங்கே நிற்பதைப் பார்த்துக்கொண்டே மெல்ல நடந்து வந்தாள்.