எட்டுத் தாள் ஆள்

ராஜ்குமார் வைக்கோல் பிரியின் ஒரு முனையை ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல், பஞ்சநதத்தின் உச்சந்தலைக்கு நேராக வைத்து அழுத்திக்கொண்டு மறுமுனையைக் கால் பக்கம் இழுத்தான். கூடத்தில் அப்போதுதான் ஒரு சுற்று அழுகை ஓய்ந்து பெண்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மதிவதனி சொன்னாள்.

“அளவு எடுக்க வேணாம். பெரியப்பா அளவு எங்கிட்ட இருக்கு.”

ராஜ்குமாரின் கை நின்றது. இருபது வருஷமாக அந்த ஊரில் பாடை கட்டுகிறவன். இப்படி ஒரு பேச்சை அவன் எந்த வீட்டிலும் கேட்டதில்லை.

எட்டு வயதுப் பிள்ளையின் பேச்சு யார் காதிலும் விழாமல் போயிருக்கலாம். தங்கமணி காதில் விழுந்தது. இறந்தவரின் தங்கை அவள், திருத்துறைப்பூண்டியில் வாழ்க்கைப்பட்டவள். அண்ணன் தலைமாட்டில் முந்தின நாள் சாயங்காலம் உட்கார்ந்தவள், தண்ணீர்கூடக் குடிக்காமல் அப்படியே இருந்தாள்.

“என்னடி சொல்றே? என்ன அளவு?”

“தாள்ல படுக்க வச்சு வரைஞ்சது அத்தை. நேத்து.”

பெட்டியின் கால்மாட்டில் இருந்தாள் மேகலா, இறந்தவரின் தம்பி மனைவி. மகளின் வாயைப் பொத்த எழுந்தாள். அதற்குள் எல்லாத் தலையும் திரும்பிவிட்டது.

எல்லாம் லீவு விட்டதில் ஆரம்பித்தது. நீடாமங்கலத்தில் நடக்கும் கோடை முகாமின் நோட்டீஸ் வீட்டுக்கு வந்தது. கட்டணத்தைப் படித்த மேகலா அந்த நோட்டீஸையே மடித்துக் கப்பல் செய்து மகளிடம் கொடுத்தாள். பிள்ளைக்கு அது பிடித்துப்போயிற்று. மறுநாள் முட்டை அட்டையில் முதலை. அதற்கு மறுநாள் கல்யாணப் பத்திரிகையில் கிளி. மைதாவைக் காய்ச்சினால் பசை. வண்ணத்துக்கு மஞ்சள் தூள், துணிக்குப் போடும் சொட்டு நீலம், அடுப்புக் கரி. வேப்பங்குச்சியின் நுனியைக் கடித்து நசுக்கினால் தூரிகை. காசு கொடுத்து வாங்கியது ஒரு பென்சில் மட்டும்தான், அதுவும் போன வருஷத்து மிச்சம்.

கிளியும் முதலையும் அலுத்த பிறகு ஆள் படம் வந்தது. பழைய செய்தித்தாள்களை விரித்து ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். பிள்ளைக்கு ஆறு தாள், பெரிய ஆளுக்கு எட்டு. அதன்மேல் ஒருவர் மல்லாந்து படுக்க, சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்து, கோட்டின்மேல் நீலம் பூசி, காய்ந்ததும் முகமும் உடுப்பும் எழுதிச் சுவரில் மாட்ட வேண்டும். மதிவதனி முதலில் தன்னை மாட்டினாள். மஸ்கட்டில் இருக்கும் அப்பாவைப் படுக்க வைக்க வழியில்லை, அதனால் அலமாரியிலிருந்த அரவிந்தனின் சட்டையையும் பேண்ட்டையும் தாளில் பரப்பி வரைந்து, கழுத்துக்கு மேல் ஒரு தட்டைக் கவிழ்த்துத் தலையாக்கினாள். ஞாயிற்றுக்கிழமை மேகலாவை வரைந்தாள். அதற்கு நீலக் கோடு மட்டும் ஆகியிருந்தது, மஞ்சள் புடவை பாக்கி.

பாக்கி இருந்த ஒரே ஆள் பெரியப்பாதான். கல்யாணம் காட்சி இல்லாத மனிதர். தம்பி வீடுதான் வீடு, தம்பி மகள்தான் மகள். ஆனால் ஐந்து நிமிடம் ஓர் இடத்தில் நிற்க மாட்டார். மோட்டார் கொட்டகை, டிராக்டர், டீக்கடை என்று ஓடிக்கொண்டே இருப்பார். “அறுவடை ஆகட்டும் குட்டி” என்று தட்டிக் கழித்தபடி இருந்தார்.

நேற்று உளுந்தைக் காயப்போட்டுவிட்டு வந்து சாப்பிட்டவர், இடது தோளைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். “மூட்டை தூக்குனது, புடிச்சிக்கிச்சு” என்றார். மேகலாதான் சொன்னாள்.

“தாள்லயே செத்த படுங்க அத்தான். அவளும் வரைஞ்சிப்பா, உங்களுக்கும் முதுகு நிமிரும்.”

சிரித்துக்கொண்டே படுத்தார். மேகலா கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கூடத்திலிருந்து மகளின் அதட்டல் கேட்டது. “அசையாதீங்க பெரியப்பா.” கொஞ்சம் கழித்து மறுபடியும், “அசையாதீங்கன்னு சொல்றேன்ல.” நாலைந்து தடவை கேட்டது. பிறகு கேட்கவில்லை. மனுஷன் ஒருவழியாக அடங்கினார் என்று மேகலா நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்துச் சிரித்ததுகூட அவளுக்கு ஞாபகம் இருந்தது. குண்டானைக் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தபோது மதிவதனி அவரைச் சுற்றி நீலம் பூசி முடித்திருந்தாள்.

டாக்டர் வந்து பார்த்து, ஹார்ட் என்றார், நொடியில் போயிருக்கும் என்றார். ஆட்கள் உடலைத் தூக்கியபோது முதுகில் ஒட்டிக்கொண்டு தாளும் எழும்பியது. மேகலா அதை உரித்துச் சுருட்டி, பீரோவுக்குப் பின்னால் தன் படச் சுருளோடு செருகினாள். அது யார் கண்ணிலும் படக்கூடாது என்பது மட்டும்தான் அப்போது அவள் மனதில் ஓடியது. பிள்ளை அசையாதே என்று சொன்னாள், அவர் அசையாமல் கிடந்தார். இந்த இரண்டையும் யாராவது சேர்த்துப் பிள்ளையின் காதுபடச் சொல்லிவிட்டால், ஆயுளுக்கும் அது அவளை விட்டுப் போகாது.

“படுக்க வச்சா?” என்றாள் தங்கமணி. குரல் இறங்கியிருந்தது. “உசுரோட இருந்தவர படுக்க வச்சா அளவெடுத்தீங்க?”

“அவ எடுக்கல அண்ணி” என்றாள் மேகலா. “நான்தான் வரைஞ்சேன்.”

மதிவதனி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். மேகலா அவள் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

“நீயா?”

“நான்தான். லீவுல சும்மா பொழுது போகலேன்னு. பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது.”

தங்கமணி கத்துவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் கத்தவில்லை. பெட்டியின் கண்ணாடியைப் புறங்கையால் துடைத்தாள். உள்ளே பனி படிந்திருந்ததால் துடைத்தும் முகம் தெளியவில்லை.

“சட்டைக்கு அளவெடுத்தாகூட நிக்க வச்சுதானே எடுப்பாங்க மேகலா” என்றாள். “படிச்சவதானே நீ. படுக்க வச்சு எடுக்கறது யாருக்குன்னு தெரியாதா?”

 தன்மேல் விழட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் விழட்டும் என்று மேகலா நின்றாள்.

ராஜ்குமார் தொண்டையைச் செருமினான். பிரியில் முடிச்சுப் போட்டு, சுருட்டிக் கையில் வைத்திருந்தான்.

“அந்தத் தாளு எங்கேங்க இருக்கு?”

“ஏன்?”

“இந்தப் பிரிய பாடையில வச்சுக் கூடவே அனுப்பிடுவோம்ங்க. அளந்தது வீட்டுல தங்கக் கூடாது. தங்குச்சுன்னா அதுக்கு ஒரு ஆள் தேடும்பாங்க. அந்தத் தாளும் அவரோடயே போயிடட்டும். அதான் நல்லது.”

தங்கமணி மதிவதனியைப் பார்த்தாள். “போய் எடுத்துட்டு வா.”

மேகலாவே போகத் திரும்பினாள். அதே நேரம் வாசலில் கார் வந்து நின்றது. திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வந்த அரவிந்தன் செருப்பை உதறிவிட்டு ஓடி வந்து பெட்டியின் மேல் விழுந்தான். கூடமே எழுந்து அழுதது. யாரோ மேகலாவைப் பிடித்து இழுத்து அவன் பக்கம் தள்ளினார்கள். கொள்ளிக்கு ஆள் வந்தாயிற்று, இனி எடுத்துவிடலாம் என்று வாசலில் பேச்சு எழுந்தது. அந்த இரைச்சலுக்குள் மதிவதனி தன் உயரத்துக்கு ஒரு சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து ராஜ்குமாரிடம் கொடுத்ததை மேகலா தூரத்தில் பார்த்தாள்.

குளிப்பாட்டிக் கோடித் துணி போர்த்தியதும் வாசலில் பாடையின் மேல் ராஜ்குமார் தாளை விரித்தான். ஓரம் மடித்து ஓலையில் செருகினான். நீலக் கோட்டுக்குள் பொருந்தும்படி உடலைக் கிடத்தினார்கள். பெண்களின் தோள்களுக்கு இடையில் மேகலா எட்டிப் பார்த்தாள். தலையைக் கோட்டுக்குள் வைத்தால் பாதம் இரண்டும் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. தலைப் பக்கம் ஒரு ஓரத்தில் கோடு காரணமில்லாமல் எலுமிச்சம்பழ அளவு புடைத்திருந்தது.

“தாள்ல ஆளு கட்டையா இருக்காரே” என்றான் ஒருவன்.

“செத்தா உடம்பு நீளும்யா” என்றார் இன்னொருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். பிள்ளை வரைந்தது, அப்படித்தான் இருக்கும் என்று மேகலா தனக்குள் சொல்லிக்கொண்டாள். பாடை எழுந்தது. பறை முன்னே போக, வெண்ணாற்றுப் பக்கம் திரும்பும் முனை வரைக்கும் தாளின் ஓரம் காற்றில் படபடத்துக்கொண்டு போனது தெரிந்தது. பெண்கள் அதற்கு மேல் போகும் வழக்கமில்லை.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். மே மாத வெயிலில் கூடம் அரை மணியில் காய்ந்துவிட்டது. ஆற்றிலிருந்து திரும்பிய ஆண்கள் விளக்கைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்கள். அரவிந்தன் வாசல் பந்தலில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கிப்போனான். தங்கமணி உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மணி மூன்று இருக்கும். நேற்று இதே நேரம் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தோம் என்று மேகலாவுக்குத் தோன்றியது. கூடத்தில் யாரும் இல்லை.

மதிவதனி மட்டும் ஸ்டூல் போட்டு ஏறிச் சுவரில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தாள்.

சுவரில் முதலில் மதிவதனி இருந்தாள், பாவாடை கட்டி, சிரித்துக்கொண்டு. அடுத்து தட்டுத் தலையோடு அரவிந்தன். அதற்கு அடுத்து ஒரு ஆள் அளவு வெறும் சுவர். அதற்கும் அப்பால் எட்டுத் தாளில் ஓர் உருவம், நெடுநெடுவென்று, முகமில்லாமல் நின்றது.

“அது யாரு பாப்பா?”

“பெரியப்பா.”

மேகலா பக்கத்தில் போனாள். சந்தேகமே இல்லை. அந்த நீளம் அந்த வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது. முதுகு பட்ட இடத்தில் வேர்வை ஊறிச் செய்தித்தாளின் மை கலங்கியிருந்தது. வலது பக்கம் முழுக்கக் கோடு சீராக இறங்கியது. இடது பக்கம், தோளுக்குக் கீழே, பென்சில் சட்டென்று ஒரு விரல்கடை வெளியே ஓடிப் பிறகு உள்ளே வந்திருந்தது. அதற்குப் பிறகு பாதம் வரை ஒரு நடுக்கம் இல்லை.

“இங்க ஒரு தடவ ரொம்ப அசைஞ்சிட்டாங்கம்மா” என்று மதிவதனி அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். “நான் திட்டுனேன். அப்புறம் அசையவே இல்ல. எல்லார்லயும் இதுதான் நல்லா வந்திருக்கு.”

மேகலாவின் கை தானாகப் பின்னந்தலைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, ஈரத்தோடு ஒரு பக்கமாகக் கொண்டை போட்டுக்கொண்டு அந்தத் தாளில் படுத்தது நினைவுக்கு வந்தது.

“அப்ப ராஜ்குமார்கிட்ட எதைக் கொடுத்தே?”

“உன்னோடத.”

“ஏண்டி?”

“பெரியப்பாவ அனுப்ப எனக்குப் பிடிக்கல.” பிள்ளை ஸ்டூலிலிருந்து குதித்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, விளங்கும்படி மெதுவாகச் சொன்னாள். “உன்னைத் திரும்ப வரைஞ்சிக்கலாம்ல. நீதான் இருக்கேல்ல. பெரியப்பா திரும்பப் படுக்க மாட்டாங்கல்ல.”

மேகலாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அளந்த பிரி ஆள் தேடும் என்பதைக் கேட்டு இன்னொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இப்போது ஆற்றங்கரையில் தன் அளவுக்கு ஒரு நீலக் கோடு எரிந்து முடிந்திருக்கும் என்ற நினைப்பு வந்ததும் பாதம் இரண்டும் ஜில்லிட்டது. சுவரில் இருப்பதைக் கிழித்துவிடலாம். தங்கமணியை எழுப்பிச் சொல்லிவிடலாம். எதைச் செய்தாலும் பிள்ளை ஏன் என்று கேட்பாள். அந்த ஏனுக்குப் பதில் சொல்லாமல் இருக்கத்தானே காலையில் பொய் சொன்னது.

மதிவதனி அதற்குள் எட்டுத் தாளை எடுத்து வந்து தரையில் வரிசையாகப் பரப்பிவிட்டாள். கிண்ணத்தில் நேற்றுக் காய்ச்சிய பசை ஆடை கட்டியிருந்தது. குச்சியால் ஆடையை விலக்கித் தாள்களை ஒட்டினாள். சுவரில் காலியாக இருந்த இடத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

“படும்மா.”

“நாளைக்குப் பாத்துக்கலாம் குட்டி.”

“பெரியப்பாவும் அப்படித்தான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க.”

மேகலா பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அரவிந்தன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தாளின் மேல் உட்கார்ந்தாள், பிறகு மெல்லச் சாய்ந்து மல்லாந்தாள். தாளுக்குக் கீழே தரை இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. மகளின் மூச்சு காதுக்குப் பக்கத்தில் கேட்டது. பென்சில் உச்சந்தலையில் தொடங்கிக் காதைச் சுற்றிக் கழுத்தில் இறங்கி, தோளைத் தாண்டிக் கையோரமாக வந்தது.

மேகலா சுண்டுவிரலை ஆட்டினாள்.

“அசையாதம்மா.”

பென்சில் மறுபடி தொடங்கியது. மேகலா மோதிர விரலை ஆட்டினாள். பிறகு கால் கட்டை விரலை.

“அம்மா! அசையாதன்னு சொல்றேன்ல. கோடு கோணுது பாரு.”

“கோணட்டும்” என்றாள் மேகலா. கண்ணை மூடாமல் விட்டத்தையே பார்த்துக்கொண்டு, பத்து விரலையும் ஒவ்வொன்றாக ஆட்டிக்கொண்டே கிடந்தாள்.