சங்கிலிக்கு ஓர் ஆள் குறைவு

கடற்கரைச் சாலையில் மனிதச் சங்கிலி நடுவில் அறுந்து நின்றது. தற்கொலைத் தடுப்பு நாளுக்காக அறக்கட்டளைத் தலைவர் தெய்வநாயகம் கோர்த்த சங்கிலி. வருவதாகச் சொன்ன கல்லூரிப் பேருந்து இன்னும் காலாப்பட்டைத் தாண்டவில்லை. சிறப்பு விருந்தினரோ வந்தேவிட்டார்.

"நடுவுல ஓட்டை தெரியுது சார்," என்றார் படம் எடுப்பவர்.

தெய்வநாயகம் பின்தெருவிலிருந்த தன் அலுவலகத்துக்கு ஓடினார். மனம் உடைந்தவர்கள் அழைக்கும் உதவி எண் செல்போனோடு அன்புசெல்வி உட்கார்ந்திருந்தாள். அப்படி அழைப்பவர்களிடம் பேசப் பயிற்சி பெற்றவள்.

"எழுந்து வாம்மா, ஆள் பத்தல."

"போன யாரு சார் எடுப்பா?"

"அதுக்குள்ள என்ன குடி முழுகிடப் போவுது?"

"கையிலயாவது எடுத்துட்டு வரேன்."

"மைக் பக்கத்துல அலறி வைக்கும். வுடு."

அவரே அதை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

விழா ஜோராக நடந்தது. "ஒரே ஓர் அழைப்பு போதும், இரவு பகலாக நாங்கள் காத்திருக்கிறோம்!" என்று விருந்தினர் முழங்கினார். எழுதிக் கொடுத்தவர் தெய்வநாயகம்தான். கைதட்டியவர்களில் முதல் ஆளும் அவர்தான்.

பொன்னாடையோடு திரும்பி வந்து இழுப்பறையைத் திறந்தார். செல்போன் திரை முழுக்க ஒரே எண், திரும்பத் திரும்ப. அன்புசெல்வி கடற்கரையில் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் போனில் அவளை உடனே வரச்சொல்லிவிட்டு, உதவி எண் போனில் அந்த எண்ணை அழுத்தினார். எடுக்கவில்லை. மறுபடி.

"யாரு?" என்றது ஒரு கரகரத்த ஆண் குரல்.

"விலைமதிப்பில்லா மனித உயிரை..."

"மேடையில பேசறாப்ல பேசாதய்யா. எத்தினி வாட்டி அடிச்சேன்!"

லைன் கோளாறு என்று சொல்ல நாக்கு தயாராகவே இருந்தது. பொன்னாடை கழுத்தில் அரித்தது.

"நாந்தாங்க பூட்டி வச்சேன். விழாவுக்கு ஆள் பத்தல."

அந்தப் பக்கம் அலைச் சத்தம் கேட்டது.

"கூட்டம் வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"சந்தோசம்."

எந்த மேடையிலும் வார்த்தைக்குத் திண்டாடாதவர் அவர். "வச்சுடாதீங்க, வச்சுடாதீங்க" என்பதற்கு மேல் இப்போது எதுவும் வரவில்லை.

மூச்சிரைக்க ஓடி வந்த அன்புசெல்வி போனை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணே, எம் பேரு அன்புசெல்வி. செத்துடலாம்னு தோணுதாண்ணே?"

இப்படியா பச்சையாகக் கேட்பது என்று தெய்வநாயகம் பதறினார். 'தற்கொலை' என்ற வார்த்தை முகம் சுளிக்க வைக்கும் என்று பேனரிலேயே சின்ன எழுத்தில் போடச் சொன்னவர் அவர்.

போனில் அழுகை வெடித்தது. அவள் தடுக்கவில்லை.

"அழுவுங்கண்ணே. நான் எங்கயும் போவல."

அவன் வீராம்பட்டினக் கரையில் தனியாக இருந்தான். அழுகை ஓய்ந்ததும், பேச்சோடு பேச்சாக அவன் தம்பியின் எண்ணை வாங்கி எழுதி, தெய்வநாயகத்திடம் காட்டினாள். அவர் தம்பியை அழைத்துக் கரைக்கு ஓடச் சொன்னார். தம்பி போய்ச் சேரும்வரை அவள் பேச்சை விடவில்லை.

"தம்பி வந்துட்டாரு சார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போறாரு."

தெய்வநாயகம் நாற்காலியில் சரிந்தார். "அப்பாடா!"

"லைன்ல இருக்குற அண்ணன் உங்கள ஒண்ணு கேக்கச் சொல்றாரு."

"என்னவாம்?"

"நாளைக்கு அடிச்சா எடுப்பீங்களான்னு."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்புசெல்வி போனை அவர் வாயருகே நீட்டினாள்.

"தலையாட்டுனா அவருக்குக் கேக்காது சார். வாயத் தொறந்து சொல்லுங்க."