பின்னால் தள்ளும் எஞ்சின்

அகிலா வீட்டுக் கூடத்தைப் பாதி துடைத்திருந்தபோது, டிவியில் தன் புருஷன் பேர் ஓடுவதைச் செவ்வந்தி பார்த்தாள். மலையில் ரயிலுக்காகக் குடைந்துகொண்டிருந்த சுரங்கப்பாதை சரிந்து ஒன்பது பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்களாம். அதில் ஒருவர் நெய்வேலி கார்முகில். மாப்புக் கட்டை கையை விட்டு வாளியில் விழுந்தது. அகிலா ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். வருஷக்கணக்காக அந்த மைன்ஸ் குவார்ட்டர்ஸ் வீட்டைத் துடைத்தவள், பழக்கதோஷத்தில் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். கார்முகில் போன் ஸ்விட்ச் ஆஃப் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

இங்கே நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் தண்ணீர் இறைக்கும் பம்ப்பில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தவன் அவன். காண்ட்ராக்ட் கைமாறியதும் பழைய ஆட்களை நிறுத்திவிட்டார்கள். டனலிலும் அதே பம்ப் வேலைதான். எதற்கு அந்த டனல் என்று கிளம்பும்போது அவளுக்கு விளங்கும்படி சொல்லிவிட்டுத்தான் போனான்.

"டிவிஎஸ்ல முந்திரிக்கொட்ட மூட்ட ஏத்திகினு மண்மேட்டுப் பக்கம் போனா வண்டி தெணறும், நீ எறங்கித் தள்ளுவ இல்ல? அங்க ரயிலுக்கே அந்தக் கதிதான். பின்னால ஒரு எஞ்சின் தள்ளணும். மலையக் கொடஞ்சு உள்ளாறயே போயிட்டா ஏத்தம் கொறஞ்சுடும். ஒத்த எஞ்சினே இழுத்துகினு போயிடும்."

ரயிலைத் தள்ளுகிற எஞ்சினை நினைத்து அன்றைக்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

சாயங்காலம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"நான் வெளியதான் இருக்கேன் புள்ள. ஜுரம். ஷெட்டுல படுத்துகினு இருந்தேன்."

 பாவி மனுஷா என்று திட்டினாள், உடனே அழுதாள். அழுது ஓய்ந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"அப்ப உன் பேருல உள்ள இருக்கறது யாருய்யா?"

"இளவழகன். என் டோக்கன எடுத்துகினு போனான்."

அது அவர்கள் இங்கே பழகிய வழக்கம். ஒருத்தனுக்கு உடம்பு முடியவில்லையென்றால் கூட்டாளி அவன் டோக்கனைக் காட்டி ஷிப்ட் பார்ப்பான், அவன் வேலை தப்பிக்கும். ஊரை விட்டுப் போனபோது அந்த வழக்கத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். கூடவே போன இளவழகன் பண்ருட்டி பக்கத்துத் திருவதிகைக்காரன். அவன் பெண்டாட்டி தமிழ்மொழிக்கு யாரும் சேதி சொல்லியிருக்கப் போவதில்லை.

"ஒம்போது டோக்கன், ஒம்போது ஆளு, கணக்கு சரியா இருக்கு, வாயத் தொறக்காதங்கறாரு மேஸ்திரி. தொறந்தா ரெண்டு பேருக்கும் வேல இல்லியாம்."

 போனமுறை வேலையில்லாமல் கார்முகில் வீட்டில் முடங்கிக் கிடந்த மாதங்களைச் செவ்வந்திதான் நாலு வீடு பெருக்கித் துடைத்துத் தள்ளினாள். அதை நினைக்கவே பயமாக இருந்தது.

"ஏதாவது ஆயிட்டா அவன எந்தப் பேருல தூக்கிகினு வருவாங்க? ஆபீசருங்ககிட்ட போய்ச் சொல்லு. தமிழ்மொழிகிட்ட நான் போறேன்."

பண்ருட்டி பஸ் பிடித்துப் போய் அவளைக் கையோடு கூட்டிவந்தாள். இரண்டு நாளும் இருவரும் அகிலா வீட்டு டிவி முன்னால்தான் கிடந்தார்கள். மூன்றாம் நாள் காலையில் ஒவ்வொருத்தராக வெளியே வந்தார்கள். கடைசியில் சேறும் தாடியுமாக இளவழகன். யாரோ வெள்ளைச்சட்டைக்காரர் மாலை போட்டார். அவன் முகத்துக்குக் கீழே கார்முகில் என்றே எழுத்து ஓடியது.

"மாத்தவே இல்ல பாரு," என்றாள் செவ்வந்தி.

"ஆளு வந்துட்டாருக்கா. பேரு எதுவா இருந்தா என்ன," என்று தமிழ்மொழி அவள் தோளில் சாய்ந்து அழுதாள். அகிலா எல்லோருக்கும் காபி போட்டாள். அன்றைக்கு மாப்புக் கட்டையை யாரும் தொடவில்லை.

மறுநாள் கார்முகில் கூப்பிட்டான். "வந்துகினு இருக்கேன். நான் போய் உண்மையச் சொன்னதுக்கு, வேலைக்கு வேணாம்னு அனுப்பிட்டாங்க."

"இளவழகன்?"

"ஆஸ்பத்திரில இருக்கான். பேப்பருக்குப் படம் புடிச்சி முடிச்சதும் அவனையும் அனுப்பிடுவாங்க."

"வுடு. உசுரோட வர்ற இல்ல, அது போதும். சுருக்க வா."

"எங்க சுருக்க வரது? ரயிலு பழைய ஏத்தத்துல நின்னுகினு இருக்குது. டனல் வழியா வுடறதுக்கு இன்னும் எவ்ளோ நாளோ. பின்னால தள்ற எஞ்சின் வரணும்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தூரத்தில் ஹாரன் கேட்டது. எதுவோ வந்து முட்டியதில் பெட்டி குலுங்கும் சத்தம் கேட்டது.

"தள்றாங்க," என்றான்.