பாலத்தின் மேல் சிவப்பு

1

இந்தக் கதை ஒரு பேருந்து நிறுத்தத்தில் பிறந்தது. கைப்பேசியில் வானிலை ரேடாரின் மழைப்படம் பார்த்தேன். நான் நின்ற தெருவின் மேல் அடர்சிவப்பு. கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது என்று அர்த்தம். கையை நீட்டினேன். ஒரு சொட்டு இல்லை. படம் பொய் சொல்கிறதா, என் கை பொய் சொல்கிறதா என்று யோசித்ததில் பேருந்தைக் கோட்டைவிட்டேன்.

இந்தப் படத்தை நம்பி ஒருத்தி தன் புருஷனைச் சந்தேகப்பட்டால்?

2

முதல் தொடக்கம்: "அவன் உள்ளே வந்தபோது தோள்களில் பனி..." (வேண்டாம். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளியதன் வினை. இந்தக் கதையில் பனி கிடையாது.)

இரண்டாவது: "மழை என்பது ஒரு..." (ஐயோ.)

மூன்றாவது: அவன் காய்ந்த சட்டையோடு வந்தான்.

இது நிற்கட்டும். அவன் ஆற்றுப்பாலம் கட்டும் மேற்பார்வையாளன். அவள் வானிலை அலுவலகத்தில் ரேடார்த் திரையைப் பார்ப்பவள். கல்யாணமாகி இரண்டு வருஷம்.

"ஒருவழியா கான்கிரீட் போட்டு முடிச்சாச்சு," என்றான், ஷூவைக் கழற்றியபடி.

"மழை?"

"அங்க ஏதும்மா மழை? இருட்டிக்கிட்டு வந்துச்சு. பந்தா காட்டிட்டுப் போயிடுச்சு."

அந்தப் பாலத்தின் மேல் மதியமெல்லாம் சிவப்பு நகராமல் நின்றதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அந்த மழையில் நின்று வேலை வாங்கியவன் சட்டை இப்படியா காய்ந்து கிடக்கும்? அப்படியானால் இவன் எங்கே இருந்தான்?

அவன் ஷூவைத் திருப்பிப் பார்த்தாள். சேறு இல்லை.

3

(கதை கொஞ்சம் காத்திருக்கட்டும். அந்தத் திரையையும் சந்தேகிக்க வேண்டும்.)

ஒரு பெரிய தட்டு சுழன்றுகொண்டே வானொலி அலைகளை வீசுகிறது. மழைத்துளிகளில் பட்டு அதில் ஒரு துணுக்கு திரும்பி வருகிறது. வர எடுத்த நேரம் தூரத்தைச் சொல்லும். வந்ததன் வலிமை மழையின் அளவைச் சொல்லும். சொல்லும் என்றால், ஊகிக்கும். இரண்டு மடங்கு பருத்த ஒரே ஒரு துளி, அறுபத்து நான்கு சிறு துளிகள் சேர்ந்து போடும் சத்தத்தைத் தனியாகப் போட்டுவிடும். அவளுக்குள் அப்போது அப்படி ஒரு துளிதான் கத்திக்கொண்டிருந்தது.

இன்னொன்று. அலை போகப் போக, பூமி அதன் கீழே வளைந்து இறங்கிவிடுகிறது. தொலைவிலிருக்கும் பாலத்தை எட்டும்போது அலை இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். அங்கே கொட்டுகிற மழை, வரும் வழியில் வறண்ட காற்றில் வற்றி, தரையைத் தொடாமலே போகலாம்.

இது அவளுக்குத் தெரியாதா? அன்று காலையில்தான் தொலைபேசியில் ஒரு நிருபரை வறுத்தெடுத்தாள்: "படத்துல தெரியறதெல்லாம் தரைக்கு வராதுங்க. எத்தனை தடவை சொல்றது?"

சொன்ன வாய், புருஷன் விஷயத்தில் மட்டும் மறந்துவிட்டது.

4

மறுநாள் அலுவலகத்தில் குடைக்காரரைக் கேட்டாள். வானிலை அலுவலகத்திலேயே வேலை பார்த்துக்கொண்டு, கணிப்பை நம்பாமல் தினமும் குடையோடு வருகிறவர் அவர்.*

"சார், பாலத்துப் பக்கத்து மழைமானி நேத்து என்ன காட்டுச்சு?"

"பூஜ்யம்."

"அப்ப மழையே இல்லையா?"

"இல்ல. இல்லாட்டி மானி வாயில இலை அடைச்சிருக்கும். ரெண்டுக்கும் பூஜ்யம்தான். ஏம்மா, அந்த நிருபரைப் போட்டுக் காய்ச்சினியே, உனக்கே மறந்துபோச்சா?"

"நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"மழைமானியையா, மாப்பிள்ளையையா?"

அவள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

* இவரை வில்லனாக்கலாமா என்று பார்த்தேன். ஏற்கெனவே எல்லாவற்றையும் சந்தேகிக்கும் மனிதரை நான் வேறு எதற்குச் சந்தேகிக்க?

5

மழைமானியின் புனலில் இலை இருந்ததா? (இல்லையென்றால் அவன் நல்லவன், கதை இங்கேயே முடிந்தது. அதனால் இருந்தது. நான்தான் வைத்தேன்.)

இலையை எடுத்து எறிந்துவிட்டுப் பாலத்தின் மேல் ஏறினாள். புதுக் கான்கிரீட்டின் மேல் ஈரச் சாக்குகளைப் போர்த்தியிருந்தார்கள். அவற்றைப் பார்த்ததும் அவளுக்கு உறைத்தது. இறுகுவதற்குள் மழை விழுந்திருந்தால் மேல்பரப்பில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருக்கும். வழவழவென்றிருந்தால் அவன் சொன்னது நிஜம். இது இலை அடைக்காத, ரேடார் அலை மாதிரி வானத்தில் பறக்காத மழைமானி. இன்னும் சில நாளில் மேலே தார் போட்டுவிடுவார்கள். அப்புறம் யாரும் பார்க்க முடியாது.

குனிந்து ஒரு சாக்கின் நுனியைப் பிடித்தாள்.

"என்ன திடீர்னு இந்தப் பக்கம்?"

கொஞ்ச தூரத்தில் அவன், சாக்குகளுக்குத் தண்ணீர் விடும் குழாயோடு.

"மழைமானி பார்க்க வந்தேன். இலை அடைச்சிருந்துச்சு."

"மழைமானி கரையிலதானே இருக்கு? இங்க என்ன தேடற?"

6

சாக்கைத் தூக்குகிறாள். குழி குழியாக... (அவனை முதலிலிருந்தே பிடிக்காதவர்கள் இதை வைத்துக்கொள்ளலாம்.)

தூக்குகிறாள். வழவழப்பு. அவளுக்குச் சிரிப்பு வருகிறது. அவனுக்கு வரவில்லை. எதற்குத் தூக்கினாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

தூக்கவில்லை. நீவிவிட்டு எழுந்திருக்கிறாள். அதற்குப்பின் அந்தப் பாலத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும், தாருக்கு அடியில்...

மூன்றில் எதையும் நான் நம்பவில்லை. அவனை நம்பச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. காய்ந்த சட்டையை மாட்டி அனுப்பியவனே நான்தானே.

அவன் குழாயைக் கீழே போட்டுவிட்டு வந்துகொண்டிருக்கிறான். சாக்கின் நுனி இப்போது உங்கள் கையில். தூக்குவதென்றால் சீக்கிரம். அவன் உங்களைத்தான் பார்க்கிறான்.