பரணில் நிற்கும் ஆள்

வியட்நாமின் ஹாய்ஃபோங் துறைமுகத்துக்குள் பெரிய கண்டெய்னர் கப்பல்கள் வரவேண்டும் என்று கடலடியைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டிய சேறு மிதந்து வந்து குவாத் வளர்த்த மட்டிச் சிப்பிகளை மூடிக் கொன்றது. கப்பல் தடத்தை அகலமாக்கக் கரையை வெட்டியதில் வீடும் போனது. அவனும் மனைவி லுவாவும் அவள் அண்ணன் புவோங்கின் பன்றிக்கொட்டிலில் படுத்தார்கள்.

பிறகு அரசாங்கத்துக்கு இரக்கம் வந்தது. கடலோரச் சேற்றுத்திட்டில் யாருக்கு மட்டிக் காவல் பரண் இருக்கிறதோ, அவருக்குக் கரையில் வீட்டுமனை. பரண் நிற்கவேண்டும், அதன்மேல் ஆள் நிற்கவேண்டும், அளவைப் படகிலிருந்து ஒரு போட்டோ. மட்டி இருக்கிறதா என்று யாரும் கேட்கப்போவதில்லை. மட்டியைச் சூப்பில் மட்டுமே சந்தித்திருந்த வாத்தியார்கூட இரண்டு பரண் கட்டினார். கட்டச் சோம்பல்பட்டவர்கள் அடுத்தவன் பரணைப் பிடிக்கக் கிளம்பினார்கள்.

படகு வரவேண்டிய அன்று காலை, குவாத்தின் பரணுக்குப் புவோங் வந்தான்.

"எறங்குடா மாப்ளே. மனை என் பேர்ல இருக்கட்டும்."

"உன் தங்கச்சி புருஷன் பேர்ல இருந்தா என்ன மச்சான்?"

"என் பன்னிங்களுக்கே உன்கூடப் படுக்கப் பிடிக்கல. உனக்கு மனை ஒரு கேடா?"

குவாத் யோசித்துப் பார்த்தான். பிறகு அடுப்பில் கொதித்த கஞ்சியை மச்சானின் தலையில் ஊற்றினான்.

புவோங் அலறினான். அலறியபடியே ஏணியேறி, மட்டி கிளறும் இரும்பு வாரியைக் குவாத்தின் தொடையில் இறக்கினான். குவாத் புகைபிடிக்கும் மூங்கில் குழாயால் அவன் வாயில் போட்டான்.

"ஐயோ! போன மாசம்தான்டா அந்தப் பல்லக் கட்டினேன்!"

மிச்சமிருந்த சொந்தப் பற்களால் புவோங் அவன் காதைக் கவ்வி, பாதியைத் துப்பினான். கட்டிப் புரண்டு இருவரும் விழுந்தார்கள். விழுந்த வேகத்தில் பரணின் இரண்டு கால்கள் முறிந்தன. கடலேற்றத்தில் தண்ணீர் நெஞ்சுவரை ஏறியிருந்தது.

தூரத்தில் படகுச் சத்தம்.

"பரணத் தூக்குடா நாயே!" என்றான் புவோங்.

சரிந்த பக்கத்தை இருவரும் தோளில் தாங்கினார்கள். கைகள் காலியில்லாததால் தண்ணீருக்குள் உதைத்துக்கொண்டார்கள்.

படகு வந்தது. அதிகாரி கேமராவைத் துடைத்தபடி கேட்டார். "யாரு பரண் இது?"

"என்னுது!" இரண்டு குரல்கள்.

"ஒரு பேர்தான் போடுவோம். மேல ஆளையே காணோமே?"

குவாத் தோளை எடுத்தான். முழுப் பாரமும் புவோங்கின்மேல் இறங்கியது. பலகைத்தளம் அவனோடு சேர்ந்து தண்ணீருக்குள் சாய்ந்தது. தொடையில் ரத்தம் ஒழுக, குவாத் அதன்மேல் ஏறினான்.

"இன்னொருத்தர் இருந்தாரே?"

"விருந்தாளி சார். கெளம்பிட்டாரு."

"சரி, நேரா நில்லுங்க. ஆடாதீங்க."

காலடியில் பலகையைக் கீழிருந்து யாரோ தட்டினார்கள். குவாத் இன்னொரு காலையும் அந்த இடத்திலேயே ஊன்றி, நேராக நின்றான்.