பையில் இருந்த சூடு

குகையின் வாயில் தொங்கும் ரப்பர்த் திரையை விலக்கிக்கொண்டு ஆரஞ்சுச் சாறு பாட்டில்கள் வரிசையாக வெளியே வந்தன. குகை என்பது தொழிலாளிகள் வைத்த பெயர். ஒரு பஸ் நீளத்துக்கு இரும்புப் பெட்டி. உள்ளே, மூடி போட்ட பாட்டில்கள் மேல் வெந்நீர் மழையாகக் கொட்டிக் கிருமியைக் கொல்லும். வெளியே வரும் பாட்டிலை எடுத்து, மூடி கசிகிறதா என்று கவிழ்த்துப் பார்த்து, துடைத்து, கிரேட்டில் அடுக்குவது ஆறு பெண்களின் வேலை. பாட்டில் கதகதப்பாகத்தான் இருக்கும். அவர்கள் நிற்கும் இடம்தான் கொதிக்கும். குகை விடும் ஆவி போக்கிடம் இல்லாமல் அவர்கள் தலைமேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆறு பேரில் மூத்தவளை எல்லோரும் டமாரம் என்று கூப்பிடுவார்கள். இயந்திரச் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி மெதுவாகப் பேசுவதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டால் பக்கத்து வீட்டில் எடுத்துக் கொடுப்பார்கள். ரகசியம் என்று ஒருவரும் அவளிடம் வாயைத் திறப்பதில்லை.

அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் நாத்தனார், கணவனின் தங்கை. ஐந்து மாதக் கர்ப்பிணி. இதே இடத்தில் இரண்டு முறை மயங்கி விழுந்துவிட்டாள். இன்னொரு முறை விழுந்தால் வீட்டோடு இருந்துகொள்ள வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார். ஏழாம் மாதம் வரை தாக்குப்பிடித்தால் பிரசவ லீவு உண்டு, குழந்தை பிறந்தபின் இதே வேலைக்குத் திரும்பலாம். நடுவில் நின்றால் இரண்டும் இல்லை. லேபிள் ஒட்டும் பக்கம் மாற்றிவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். அங்கே இடமில்லையாம்.

"ஒரு ஃபேனாவது போட்டுக் குடுங்க சார்" என்று டமாரம் கேட்காத நாளில்லை.

"குகைப் பக்கம் சூடாத்தாம்மா இருக்கும். குளுகுளுன்னு வேணும்னா ஐஸ் கம்பெனிக்குப் போயிருக்கணும்" என்பார் சூப்பர்வைசர். அதைப் பெரிய நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். கம்பெனியும் பல்கலைக்கழகமும் ஒப்பந்தம் போட்டிருந்தன. குகைக்கு எரிபொருள் குறைவாகச் செலவாக வேண்டும், சாற்றின் ருசியும் நிறமும் கெடக்கூடாது. அதற்கு அவள் வழி கண்டுபிடிக்க வேண்டும். தன் காலுக்குப் பெரிதான பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஈரத்தரையில் சளக் சளக் என்று நடந்து வந்து, ஒரு டப்பாவைத் திறந்து காட்டினாள். சட்டைப் பொத்தான் மாதிரி இரும்பு வில்லைகள்.

"இது இருக்கிற இடத்துல எவ்வளவு சூடுன்னு அப்பப்போ ஞாபகம் வெச்சுக்கும்க்கா. பாட்டிலுக்குள்ள போட்டு குகைக்குள்ள அனுப்பப் போறேன். சிவப்பு ரப்பர் பேண்ட் மாட்டின பாட்டில் வந்தா தனியா எடுத்து, ஜூஸைக் கொட்டிட்டு, வில்லையை இந்த டப்பாவுல போட்டுடுங்க. குடிச்சுடாதீங்க."

"எதை, வில்லையையா ஜூஸையா?" என்றாள் டமாரம். ஆராய்ச்சிக்காரி சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போனது.

முதல் நாள் காலையிலேயே கோளாறு நடந்தது. டமாரம் ஒரு வில்லையைக் கையில் எடுத்த நேரம், பக்கத்தில் நாத்தனாரின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டமாரம் வில்லையை ஏப்ரன் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அவளைத் தாங்கிக்கொண்டாள். முதுகால் சூப்பர்வைசரின் பார்வையை மறைத்து, பிடரியில் ஈரத்துணியை வைத்து அழுத்தினாள்.

"விழுந்துடாதடி. அவரு பாக்குறாரு."

"நிக்கிறேன் அண்ணி. பிடியை விட்டுடாதீங்க" என்றாள் நாத்தனார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றும்விட்டாள். அந்தப் பதற்றத்தில் பைக்குள் போட்ட வில்லை டமாரத்துக்கு மறந்தே போனது. மறுநாள் ஏப்ரனை மாட்டியபோதுதான் கையில் தட்டுப்பட்டது. திட்டு விழுமே என்று மூச்சுக் காட்டாமல் டப்பாவில் போட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜரே இறங்கி வந்தார். ஆராய்ச்சிக்காரியின் கம்ப்யூட்டரில், வில்லைக்கு ஒன்றாகச் சூட்டைக் காட்டிய கோடுகள் எல்லாம் மேடேறி இறங்கியிருக்க, ஒன்று மட்டும் முழுக்க இறங்காமல் சாயங்காலம் வரை உயரமாகவே நின்றுகொண்டிருந்தது. மேனேஜருக்கு வியர்த்துவிட்டது.

"ஒரு பாட்டில் நாள் பூரா உள்ளயே மாட்டிக்கிட்டு வெந்திருக்குன்னா, இன்னும் எத்தனை மாட்டியிருக்கோ? நிறுத்துங்க மெஷினை. குகையைப் பிரிங்க."

மெக்கானிக் ஸ்பேனரோடு ஓடினார். டமாரம் கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள். சொன்னால் வேலைக்கே வேட்டு வைத்தாலும் வைப்பார்கள். சொல்லாவிட்டால் குகையைத் திருகு திருகாகக் கழற்றிவிடுவார்கள். ஆராய்ச்சிக்காரியின் காதோரம் போய், தன்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னாள்.

"அது பாட்டில் இல்லம்மா. என் ஏப்ரன் பை."

இயந்திரம் நின்றிருந்த அமைதியில் அது லாரிகள் நிற்கும் வாசல் வரைக்கும் கேட்டது.

மேனேஜர் திட்டவில்லை. நெஞ்சில் கைவைத்து மூச்சை விட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அவ்வளவுதானா? பாட்டில் இல்லையே! மெஷினைப் போடுங்கப்பா. நீ அந்தக் கோட்டை அழிச்சிடும்மா."

தப்பித்தோம் என்றுதான் டமாரத்துக்கு முதலில் இருந்தது. ஆனால் பாட்டிலைத் துடைக்கத் துடைக்க அந்த 'அவ்வளவுதானா' அவளை முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. இதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் கை கழுவும் குழாயடியில் ஆராய்ச்சிக்காரியைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிச்சாச்சா?"

"இல்லக்கா. மனசு வரல." அவள் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தாள். "ஆனா பைக்குள்ள இருந்ததால உங்க உடம்புச் சூடும் சேர்ந்திருக்கும். சரியா அளந்தாத்தான் ஒத்துக்குவாங்க. நாளைக்கு நீங்க நிக்கிற இடத்துல, தலை உயரத்துக்கு, வில்லையை நூல்ல கட்டித் தொங்கவிடட்டுமா?"

"உன்னை அதுக்கா அனுப்பினாங்க?"

"பாட்டில் கிரேட்டுல எவ்வளவு சூட்டுல நிக்குதுன்னு தெரிஞ்சாகணுமில்ல? அது என் வேலைதான்."

ஆறு பேர் தலைக்கு மேலும் நூல்கள் தொங்கின. சூப்பர்வைசர் கேட்டபோது பாட்டிலுக்காக என்றாள் ஆராய்ச்சிக்காரி. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். சில நாள் அளந்தாள். பிறகு பல்கலைக்கழக ஆய்வகத்தில் அதே சூட்டில் பாட்டில்களை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றைக் கையோடு கொண்டுவந்து காட்டினாள். சாறு மங்கி, தேநீர் நிறத்துக்குப் போயிருந்தது.

"ரிப்போர்ட்டுல இதைத்தான் முதல்ல எழுதியிருக்கேன். நீங்க படற கஷ்டத்தையும் எழுதியிருக்கேன், கடைசிப் பக்கத்துல. எங்க புரொபசர் அதை எடுக்கச் சொல்லல. ஆனா கம்பெனிக்காரங்க கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பாங்களான்னு எனக்குத் தெரியாது."

"மனுஷி ரெண்டு தடவை விழுந்தப்ப வராத காத்து, ஜூஸ் நிறம் மாறினா வந்துடுமா?" டமாரத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குழாயடியில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆராய்ச்சிக்காரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "வந்துடும்னு நினைக்கிறேன்க்கா. உங்க நாத்தனாரை அதுவரைக்கும் எப்படியாவது பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டார்கள். நாத்தனார் பங்குப் பாட்டில்களை ஐந்து பேரும் ஆளுக்குக் கொஞ்சமாக இழுத்துக்கொண்டார்கள். ஈரத்துணி கை மாறிக்கொண்டே இருந்தது. அவளுக்கு வயிறு மேடிட்டது. "எனக்காக நீங்க ஏன் அண்ணி சாகறீங்க?" என்று ஒரு நாள் அவள் கண்கலங்கினாள். "உனக்காக யாரு செஞ்சா? வர்றவன் நாளைக்கு எனக்குத் தண்ணி மோந்து குடுப்பான்ல" என்றாள் டமாரம். பையன்தான் என்று அவளே முடிவுகட்டியிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை அவர்கள் வேலைக்கு வந்தபோது கூரையிலிருந்து பெரிய தகரக் குழாய் ஒன்று இறங்கியிருந்தது. பாட்டில்கள் நகர்ந்து வரும் பெல்ட்டின் அந்தப் பக்கம், சுவரையொட்டி, வரிசையாக அதன் வாய்கள். வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்துக் கொண்டுவருமாம். மெக்கானிக் சுவிட்சைப் போட்டதும் முதலில் தூசு பறந்தது. பிறகு காற்று வந்தது. நிஜமான காற்று. ஆறு பேரும் பெல்ட் மேல் குனிந்து முகத்தைக் காட்டினார்கள். யாரோ ஒருத்தி சிரித்தாள். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்து காற்றைக் குடித்தாள். டமாரத்துக்கு அழுகை வந்துவிட்டது, அதையும் சத்தமாகத்தான் அழுதாள்.

சூப்பர்வைசர் வந்து கைதட்டினார். "குனியாதீங்க, மறைக்காதீங்க. காத்து பாட்டிலுக்குப் படணும்."

மெக்கானிக் ஒவ்வொரு வாயையும் கீழே, பாட்டில்களின் உயரத்துக்குத் திருப்பி, திருகை முடுக்கினார். ஆராய்ச்சிக்காரி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். டமாரத்தின் அருகில் வந்து, "மேல திருப்பி வைக்கச் சொல்லி மறுபடி எழுதறேன்க்கா" என்றாள்.

"எழுதும்மா. எழுது. இவ்வளவு தூரம் வந்துடுச்சுல்ல."

பெல்ட் நகர்ந்தது. பாட்டில்கள் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு வந்து காற்றை அடைத்தன. டமாரம் நாத்தனாரின் தோளைப் பிடித்து இழுத்து, காற்று வாய் ஒன்றுக்கு நேர் எதிரே நிற்க வைத்தாள். பிறகு தன் பக்கத்துப் பாட்டில்களை விட்டுவிட்டு, எட்டி, நாத்தனாருக்கு முன்னால் வரும் பாட்டில்களை இரண்டிரண்டாக எடுக்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் பார்த்துவிட்டு அங்கிருந்தே எடுத்தார்கள். இரண்டு பாட்டில் போன இடத்தில் ஒரு சந்து விழுந்தது. அடுத்த பாட்டில்கள் வந்து அடைப்பதற்குள் அதன் வழியே வந்த காற்று நாத்தனாரின் ஏப்ரனை வயிற்றோடு ஒட்டவைத்தது.